பூ விழாத ஒட்டு

அன்று கோவில்பட்டி கல்யாண மண்டபத்தில் ஆறு பேர் இருந்தோம். மேடைக்குக் கீழே மேசை போட்டு நடுவில் உட்கார்ந்தவர் சுகாதாரத் துறையின் ஃபரீதா மேடம். அவருக்கு வலப்பக்கம் மருந்தாலை மேலாளர் சம்பந்தம். வடக்கு வாசலை ஒட்டிச் சுவரோரமாக என் கணவர் பரஞ்சோதி. அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி, ஆலையில் மருந்து ஒட்டுகளை டப்பாவில் அடைக்கும் வேலை பார்த்த குருவம்மாள். தெற்கு வாசல் பக்கம் நான், வள்ளிமயில். எனக்குப் பின்வரிசையில், வலிப்புள்ள மகளுக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ராயப்பன் அண்ணாச்சி.

வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே நனைத்த மல் துணி கட்டியிருந்தார்கள். மின்விசிறி ஒன்றும் ஓடவில்லை. வடக்கே இருந்தவர்கள் உடம்பில் விதை இருந்தது, தெற்கே நான் கையில் ஒட்டு போட்டிருந்தேன். அங்கிருந்து காற்று இங்கே வரக் கூடாது. சம்பந்தம் எப்படி நடுவில் உட்காரலாம் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "நான் சென்னை ஆபீஸ். ஆலைக்குள்ள ஒரு நாளும் கால் வச்சதில்லை" என்றார் அவர். பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு வலிப்பு உண்டு. ஓரிமின் என்கிற மருந்து தடவிய சின்னக் கண்ணாடித்தாள் மாதிரியான ஒட்டை மேல்கையில் ஒட்டிக்கொண்டால் வலிப்பு வராது. வாரத்துக்கு ஒன்று. அதை நம்பித்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் என்னைக் கிரேன் ஓட்ட விட்டார்கள். ஒன்பது வருஷம் மேலே கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கண் இருட்டியதில்லை. அப்புறம் ஒரு நாள் யாரோ ஒருவரின் ஒட்டில், ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி, வெள்ளையாக ஏதோ படர்ந்தது. பூ விழுந்துவிட்டது என்றார்கள். பூ விழுந்த ஒட்டு வேலை செய்யாது. பூ விழுந்த ஒட்டின் பக்கத்தில் வைத்த ஒட்டிலும் பூ விழும். அதைத் தொட்ட கை படும் இடத்திலும் விழும். இது தெரிந்ததும் துறைமுகத்தில் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தப் பூ என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையைத்தான் ஆலை என் கணவரிடம் கொடுத்தது. படிகத்துக்குள் எக்ஸ் கதிரை விட்டு, உள்ளே மூலக்கூறுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று படம் போடுவது அவர் தொழில். ஆடி மாசம் வேலைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்ப விடவில்லை. மண்டபத்தில் மல் துணிக்குப் பின்னால் அவர் நிழலைத்தான் பார்த்தேன். இளைத்திருந்தார்.

"எல்லாருக்கும் விளங்குற மாதிரி சொல்லுங்க" என்றார் ஃபரீதா மேடம்.

நிழல் எழுந்தது. "இந்த மண்டபத்து நாற்காலியையே எடுத்துக்குவோம் மேடம். பந்தி முடிஞ்சதும் ரெண்டு விதமா ஒதுக்குவாங்க. அவசரத்துல ஒண்ணு பக்கத்துல ஒண்ணாத் தள்ளி விடுவாங்க. அதுல ஒண்ணை எடுத்தா உடனே கையோட வரும். நிதானமா இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஆளுயரத்துக்கு அடுக்கிடுவாங்க. அதுலேர்ந்து ஒண்ணை உருவிப் பாருங்க, வராது. ரெண்டுமே அதே நாற்காலிதான். மருந்து தளர்வா இருந்தாத்தான் தோலுக்குள்ள இறங்கும். பூன்னு நீங்க சொல்றது சொருகின அடுக்கு."

"அது எப்படிங்க ஒண்ணைப் பார்த்து ஒண்ணு பரவுது?" என்று கேட்டார் ஃபரீதா மேடம்.

"அடுக்கின துணுக்கு ஒண்ணு வந்து விழுந்தாப் போதும். அடுத்த நாற்காலிக்கு எங்க உட்காரணும்னு இடம் கிடைச்சிடுது. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. அதைத்தான் விதைங்கறோம்."

அண்ணாச்சி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இத்தனை வருஷம் சும்மா கிடந்த நாற்காலிக்கு இப்ப மட்டும் என்ன புத்தி வந்துச்சாம்?"

"முதல் அடுக்கு எந்தப் பாத்திரத்துல விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. தற்செயல்தான். ஆனா படம் ஒண்ணைத் தெளிவாச் சொல்லுது. சொருகின அடுக்குதான் உறுதியானது. தளர்வா இவ்வளவு நாள் கிடந்ததுதான் அதிசயம்."

என் கை தானாகச் சட்டைக் கையை மேலே தூக்கியது. ஒட்டு தெளிவாகத்தான் இருந்தது. இறக்கினேன். மறுபடி தூக்கிப் பார்த்தேன். அந்த அதிசயத்தின் மேல்தான் ஒன்பது வருஷம் கூண்டில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நிற்கவும் கூச்சம்.

சம்பந்தம் கனைத்தார். "மேடம், ஆலையிலேர்ந்து மட்டும்தான் பரவிச்சுன்னு எழுதிடாதீங்க. சாரும் கொஞ்சம் விநியோகம் பண்ணியிருக்காரு. கேளுங்க."

நிழல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. பிறகு சொன்னது: "ஒரு அமைப்பைக் கண்டுபிடிச்சா வேற ஆய்வகங்கள் தனியாப் பார்த்து ஆமான்னு சொல்லணும். அது எங்க முறை. அடுக்கின படிகத்தை அழகாப் பொறுக்கி, கண்ணாடிக் குழாயில போட்டு, பஞ்சு சுத்தி மூணு ஊருக்கு அனுப்பினேன். மூணு பேருமே ஆமான்னு எழுதினாங்க."

"அந்த மூணு ஊர்லயும் இப்ப ஒட்டு செய்ய முடியலை" என்று சம்பந்தம் முடித்துவைத்தார்.

இது எனக்குத் தெரியாது. தினம் போனில் பேசியவர் இதைச் சொல்லவில்லை. அவர் அலட்சியமாக எதையும் செய்யவில்லை, ஒழுங்காகச் செய்தார். ஒழுங்காகச் செய்ததால்தான் வினை வந்தது.

குருவம்மாள் சிரித்தாள். "நல்லா இருக்கு. சாரு கூரியர்ல அனுப்பினாரு, அவரு பேரு பத்திரிகையில வருது. நான் டப்பா அடைச்சேன், எம்பேரு ஊர் எல்லையில தட்டி கட்டித் தொங்குது. உள்ளே வரக் கூடாதுன்னு."

"அது பாதுகாப்புக்காகம்மா" என்றார் ஃபரீதா மேடம்.

"எங்க தாத்தாவைச் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடன்னாங்க, மேடம். என்னை மூச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு நடங்குதீக. அதுவும் பாதுகாப்புக்குத்தான்னு சொல்லியிருப்பாங்க."

சம்பந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

கூட்டம் கூட்டியதன் காரணம் அதற்குப் பிறகுதான் வந்தது. அமைப்பு தெரிந்துவிட்டதால் அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது என்றார் என் கணவர். எந்த நாற்காலியின் கை எந்தக் குழியில் உட்காருகிறது என்று இப்போது தெரியும். அதே நாற்காலி மாதிரி, ஆனால் ஒரு கை மட்டும் முறுக்கிய நாற்காலி ஒன்றைச் செய்து நடுவில் சொருகிவிட்டால், அதன் மேல் அடுத்தது உட்காராது. அடுக்கு அங்கேயே நின்றுவிடும். அதற்கு அடைப்பான் என்று பெயர் வைத்திருந்தார்.

"மேசை மேல வேலை செய்யுது. ஆனா வேர்வையில, உடம்புச் சூட்டுல, ஒரு ஆள் கையில பார்க்கணும். விதைக்கு நடுவுல இருந்து பார்க்கணும். வலிப்பு இருக்கறவங்க யாராவது எங்ககூட வந்து இருக்கணும்."

"வராம இருந்தா?" என்று கேட்டேன். துணிக்கு இந்தப் பக்கம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மலையில ஒரே ஒரு ஆலைதான் இன்னும் பூ விழாம இருக்கு" என்றார் ஃபரீதா மேடம். "அது என்னைக்கு வரைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"ஏ தங்கச்சி, எந்திரிக்காத" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது. "உம் புருஷன் கிளப்பின பூதத்துக்கு நீ எதுக்குப் பலி?"

"அவருக்காக இல்ல அண்ணாச்சி." ஃபரீதா மேடத்தைப் பார்த்துக் கேட்டேன். "இது சரியா வந்தா நான் திரும்ப என் கிரேனுக்குப் போகலாமா? எழுதிக் கொடுப்பீங்களா?"

"கண்டிப்பா."

"கிரேன்தானா கேட்கறீங்க?" என்றார் சம்பந்தம்.

"அதுதான் கேட்கிறேன்."

குருவம்மாள் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். "வா தாயி. இங்க காத்துதான் இல்ல. இடம் நெறையக் கிடக்கு."

கயத்தாற்றுக்கு அப்பால் மூடிக் கிடந்த நூற்பாலை ஒன்றில்தான் விதை உள்ளவர்களைக் குடிவைத்திருந்தார்கள். ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் ஆய்வகம். சுற்றிலும் காற்றாலைகள். நாள் முழுக்க அவற்றின் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். போன அன்று சாயங்காலமே என் கையிலிருந்த பழைய ஒட்டில் ஓரத்திலிருந்து பூ ஏறியது. என் கண் முன்னால், ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள். என் கணவர் அதைப் பிய்த்துவிட்டு அடைப்பான் போட்ட புது ஒட்டை ஒட்டினார். விரல் என் தோலில் படாமல் ஒட்டப் பார்த்தார்.

"இன்னும் என்னத்துக்கு ஒதுங்கறீங்க? எல்லாம் ஆகிப் போச்சே."

"பழக்கமாயிடுச்சு."

"கூரியர் விஷயத்தை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"போன்ல சொல்ற விஷயமா அது?"

"மூணு ஊருக்கு அனுப்பத் தெரிஞ்சுது. போன்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை."

அவர் ஒட்டின் நான்கு மூலையையும் அழுத்திவிட்டு அப்படியே நின்றார். "ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் எடுப்பேன். நீ கிரேன் கதை சொல்ல ஆரம்பிச்சுடுவே."

முதல் அடைப்பான் நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் சோற்றுக் கூடத்தில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது இடது கைவிரல்கள் துடிக்க ஆரம்பித்தன. சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. நடுவில் சின்ன வெள்ளை நட்சத்திரம். அப்புறம் தரை. கண் திறந்தபோது குருவம்மாள் என் தலையை மடியில் வைத்து, அவள் முந்தானையை என் பற்களுக்கு நடுவே திணிக்கப் பார்த்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுவே! ஒருக்களிச்சுப் போடுங்க, போதும்!" நாக்கு கடிபட்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வாயில் அந்த ரத்த ருசி. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

என் கணவர் அந்த ஒட்டிலிருந்து வெள்ளைத் துணுக்கை ஊசி முனையில் எடுத்துக்கொண்டு கதிர் அறைக்குள் போய்விட்டார். எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட நிற்கவில்லை. நான் பின்னாலேயே போய்க் கதவில் நின்று கத்தினேன். அவர் திரும்பாமல் சொன்னார், "இது உன் கையில முளைச்சது மயிலு. இதுக்குள்ள பதில் இருக்கு. காஞ்சு உடையறதுக்குள்ள பார்க்கணும்."

பதில் இருக்கத்தான் செய்தது. படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினார். சின்னச் சின்ன உருண்டைகளும் குச்சிகளும். "பாரு, அடைப்பான் மேல் பக்கம் சரியா உட்கார்ந்திருக்கு. மேல வளரலை. அதனால பக்கவாட்டுல வளர்ந்திருக்கு. நாற்காலிக்கு ஒரு கையை முறுக்கினேன், இன்னொரு கையை விட்டுட்டேன்."

"அப்ப?"

"ரெண்டாவது அடைப்பான் ஒண்ணு வேணும்."

"அதுவும் என் கையிலதானா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆடி மாசத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தார். "வேண்டாம்னா சொல்லு. இப்பவே நிறுத்திடறேன்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்று நான் நம்பினேன். அது போதுமாக இருந்தது.

இரண்டு அடைப்பானும் போட்ட ஒட்டில் பூ விழவில்லை. ஒரு வாரம். இன்னொரு வாரம். நான் ராத்திரி தூக்கத்தில்கூடச் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதாக அவர் சொன்னார். குருவம்மாள் விதை படிந்த பழைய டப்பாவை எடுத்து ஒட்டின் மேல் நேராகவே தேய்த்துப் பார்த்தாள். விழவில்லை. மழை வந்தது, வெயில் அடித்தது, நான் முற்றத்தில் சாக்குமூட்டை தூக்கி வேர்வையில் ஊறினேன். விழவில்லை. பொங்கலுக்குள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நூற்பாலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அவர் அறிக்கை எழுதி அனுப்பினார்.

சம்பந்தம் நேரிலேயே வந்தார். கேட்டுக்கு வெளியே, தள்ளி நின்றுகொண்டு, டிரைவரிடம் மாலையும் ஒரு கவரும் கொடுத்தனுப்பினார். கவருக்குள் அனுமதிச் சீட்டு. வள்ளிமயில் தூத்துக்குடிக்குள் செல்லலாம், துறைமுகப் பணியில் சேரலாம். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன.

"டிவிக்காரங்க வருவாங்கம்மா. நீங்க கிரேன்ல ஏறுறதை எல்லாரும் பார்க்கட்டும்" என்று கத்தினார்.

எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அன்றைக்கே கிளம்பிவிடலாம் போல இருந்தது. சீட்டை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் காரணம் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது. ஊர் எல்லைகளில் விதை இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனைதான் வைத்திருந்தார்கள். ஆள் கையில் ஒரு ஒட்டு ஒட்டி ஒரு நாள் உட்காரவைப்பார்கள். பூ விழுந்தால் வெளியே, விழாவிட்டால் உள்ளே. "மேற்படியார் கையில் உள்ள ஒட்டில் பூ விழாததால் விதையற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

உள்ளே போய் என் கணவரிடம் அடைப்பான் இல்லாத பழைய ஒட்டு ஒன்று கேட்டேன். மலை ஆலையிலிருந்து மூடி முத்திரையிட்டு வந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். உறையைப் பிரித்துக் கழுவிய கையால் அதை என் புதுச் சேலை முந்தானையில் வைத்தேன். டீ ஆறுவதற்குள் வெள்ளையாகிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அறிக்கையில எழுதியிருந்தேன். புது ஒட்டு போட்டவங்க மேல விதை இருந்தாலும் தெரியாது, எல்லாருக்கும் புது ஒட்டு கிடைக்கற வரைக்கும் யாரையும் வெளியே விடக் கூடாதுன்னு. அச்சாகி வந்ததுல அந்தப் பக்கம் இல்லை."

கேட்டுக்குத் திரும்பினேன். "சார், நான் ஊருக்குள்ள போனா மத்தவங்க ஒட்டுல பூ விழும்."

"புது ஒட்டு போட்டுக்கட்டும்."

"எப்ப வரும்?"

"ஆலை தயாராயிட்டு இருக்கு. அடுத்த பொங்கலுக்குள்ள."

"அதுவரைக்கும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பழசு நல்லா இருக்கற வரைக்கும் புதுசை யாரும்மா கேட்பாங்க? நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை. கையில சீட்டு இருக்கு. வீட்டுக்குத்தானே போறீங்க."

வண்டி போன பிறகு குருவம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எனக்கும் ஒரு புது ஒட்டு ஒட்டிவிடச் சொல்லு உம் புருஷன்கிட்ட. வலிப்பு இல்லாட்டி என்ன, ஒட்டு ஒட்டுதானே. நானும் ஊருக்குப் போறேன். என் தட்டியை நானே அவுத்துப் போடுதேன்."

"ஊர்ல எத்தனை பேருக்கு வலிப்பு வரும்னு தெரியுமா அக்கா?"

"தெரியும். எம்பேத்தி பொறந்து மூணு மாசம் ஆவுது. போட்டோவுலதான் பார்த்திருக்கேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

நான் அந்த வெள்ளை ஒட்டைக் காட்டினேன். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோற்றுக் கூடத்துத் தரையில் என்னைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் அவள். ரொம்ப நேரம் பார்த்தாள். காற்றாலை இரைந்துகொண்டே இருந்தது.

"என்ன செய்யப் போற?"

"ராயப்பன் அண்ணாச்சிக்கு எழுதப் போறேன். போன்ல சொன்னா அழுதுருவேன். அதோட, கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தாத்தான் சீட்டுக்கு எதிரா அவரால நிக்க முடியும்."

"எழுது" என்றாள். பிறகு, "எம்பேரையும் சேத்து எழுது."

எழுதினேன்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். மகள் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். புது ஒட்டு வேலை செய்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதைப் போட்டவர் மேல் விதை இருந்தால் எல்லைச் சோதனையில் தெரியாது. எனக்குக் கொடுத்திருக்கும் அனுமதி தவறு. இதை நம் ஆட்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள், ஃபரீதா மேடத்திடமும் கையில் கொடுங்கள். எல்லாருக்கும் புது ஒட்டு வந்த பிறகுதான் இங்கிருந்து ஒருவரையும் ஊருக்குள் விட வேண்டும். அதற்கு முன்னால் குருவம்மாள் வந்தாலும் நான் வந்தாலும் வழியை மறியுங்கள். இன்றைக்கு எனக்குத் தெளிவு இருக்கிறது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் சீட்டைக் காட்டுவேன், சண்டை போடுவேன், உங்கள் மகளின் பெயரைச் சொல்லி அழுவேன். விடாதீர்கள். இப்படிக்கு, வள்ளிமயில்."

குருவம்மாள் கீழே அவள் பெயரை எழுதினாள். என் கணவர் படித்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார்.

இங்கிருந்து போகும் கடிதத்துக்குப் பசை ஆகாது, சூட்டில் விட்டுப்போகும். உறையின் வாயை மடித்து ஊசி நூலால் நெருக்கமாகத் தைத்தேன். சூட்டுப் பெட்டிக்குள் வைத்தோம். ஓரிமின் எந்த அடுக்கில் இருந்தாலும் அந்தச் சூட்டில் கருகிவிடும். காகிதம் மட்டும் கொஞ்சம் பழுக்கும். அஞ்சல் வண்டிக்காரர் கேட்டில் ஹாரன் அடித்தார். உறையை இடுக்கியால் எடுத்து அவர் நீட்டிய தகரப் பெட்டிக்குள் போட்டேன். அவர் மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, வண்டியைத் தூத்துக்குடிப் பக்கம் திருப்பினார்.